பட்ஜெட்டுக்கு ஏற்ற பனிச்சறுக்குத் தலத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: கொங்கு நாட்டிலிருந்து ஒரு கணக்கு

நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுள்ளது. காஷ்மீரின் குல்மார்க் புல்வெளி ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் இவ்வளவு நெருக்கம் இருந்தும், தை, மாசி மாதங்களில் குல்மார்க் பனியில் புதைந்து கிடக்க, உதகையில் விடியற்காலைப் புல்லின் மீது படியும் உறைபனி வெயில் ஏறியதும் மறைந்துவிடுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையிலும் குல்மார்க் 34 பாகையிலும் இருப்பதுதான் காரணம். ஆகவே கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என எங்கிருந்து புறப்பட்டாலும், பனிச்சறுக்குக் கற்க விரும்புபவர் நேர்கோட்டில் அளந்தாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியிருக்கிறது.

ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வழிகாட்டிகள் நமக்கு முழுமையாகப் பயன்படாததற்கு இந்தத் தொலைவே காரணம். காரில் மூன்று மணி நேரம் ஓட்டி மலையடிவாரத்தை அடைபவர் சறுக்குபவர்களைச் சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டின் கட்டணத்திலிருந்து கணக்கைத் தொடங்கலாம். நாமோ பயணச் செலவிலிருந்தும் விடுப்பு நாட்களிலிருந்தும் தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரை முதல் முறையாகவோ இரண்டாம் முறையாகவோ பனிச்சறுக்குக்குப் போக நினைப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. ஏற்கெனவே நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களின் தேவைகள் வேறு.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகிறது

திருப்பூரில் ஒரு பனியனுக்கு விலை சொல்வதற்கு முன் நூல், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். பனிச்சறுக்குப் பயணத்துக்கும் அதே முறைதான் பொருந்தும். விமானம் அல்லது ரயில், மலைக்குச் செல்லும் டாக்ஸி, தங்குமிடம், உணவு, காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீயும் அதற்கான பூட்ஸும் எடுக்கும் வாடகை, லிஃப்ட், பயிற்றுநர், உடை, காப்பீடு, தேவையானால் விசா ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, பனியில் உண்மையில் சறுக்கப்போகும் மணி நேரங்களால் வகுக்க வேண்டும். அப்படி வரும் எண்ணே ஒரு தலம் மலிவானதா விலையுயர்ந்ததா என்பதைச் சொல்லும். அறை வாடகை குறைவு என்பதாலோ பேக்கேஜ் தொகை குறைவு என்பதாலோ ஒரு தலம் மலிவாகிவிடாது.

எடுத்துக்காட்டுக்காக மூன்று பேரை வைத்துக்கொள்வோம். முதலாமவர் 45,000 ரூபாய் செலவழித்து ஐந்து நாள் மணாலி பேக்கேஜில் போகிறார். சோலாங் பள்ளத்தாக்கில் ஒரு பிற்பகல் மட்டும், கையைப் பிடித்து நடத்தும் ஆள் ஒருவருடன், மூன்று மணி நேரம் ஸ்கீ மீது நிற்கிறார். அவருக்கு ஒரு மணி நேரம் 15,000 ரூபாய். இரண்டாமவர் அரசு நிறுவனமொன்றின் இரண்டு வாரப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, பயணத்தையும் சேர்த்து 60,000 ரூபாய் செலவிடுகிறார். பத்து நாட்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் சறுக்குகிறார். அவருக்கு ஒரு மணி நேரம் 1,500 ரூபாய். மூன்றாமவர் ஒரு லட்சம் ரூபாய் செலவில் வெளிநாடு சென்று ஐந்து நாட்களில் இருபத்தைந்து மணி நேரம் சறுக்குகிறார். அவருக்கு ஒரு மணி நேரம் 4,000 ரூபாய். தொகைகள் நான் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. அந்தந்த ஆண்டின் விலையை வாசகர் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் குறைந்த தொகை கொடுத்தவரே மூவரிலும் அதிக விலை கொடுத்தவராக முடிவது, பேக்கேஜ் விளம்பரங்களைப் பார்த்து முடிவெடுக்கும் பலருக்கு நடப்பதுதான்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. புதிதாகக் கற்பவர் முதல் மூன்று நான்கு நாட்களை, பெரிய தென்னந்தோப்பு அளவே உள்ள மிதமான பயிற்சிச் சரிவு ஒன்றில்தான் கழிக்கப்போகிறார். மலையுச்சி வரை செல்லும் கேபிள் கார்களும் நூறு கிலோமீட்டர் நீளச் சறுக்குபாதைகளும் அவருக்குப் பயன்படா. பெரிய தலத்தின் புகழுக்கும் பரப்புக்கும் சேர்த்துத்தான் அங்கே கட்டணம் வாங்குகிறார்கள். அதைப் பயன்படுத்தும் திறன் வருவதற்கு முன் அதற்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

விடுப்பைக் கணக்கிடுதல்

பணத்தைப் போலவே நாட்களும் ஒரு பட்ஜெட். நம் பகுதியில் ஆலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் நீண்ட விடுமுறை தீபாவளியை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் ஐப்பசியில் இமயமலைச் சறுக்குதளங்களில் பனி இருக்காது. பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. அப்போது நாடு முழுவதிலிருந்தும் புத்தாண்டுக் கூட்டம் மலைகளுக்குக் கிளம்புவதால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும், பனியோ வந்தாலும் வரும், வராமலும் போகும். 2024 ஜனவரி தொடக்கத்தில் குல்மார்க் புல்வெளி பனியில்லாமல் காய்ந்து கிடந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். 2025இல் அங்கே பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளே பனிப் பற்றாக்குறையால் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போயின.

இந்தியாவுக்குள் போவதானால் ஜனவரி மூன்றாம் வாரம் முதல் பிப்ரவரி இறுதி வரையிலான காலமே பணத்துக்கு ஏற்ற பலனைத் தரும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரையுள்ள ஏறத்தாழ நாற்பது நாட்களைச் சில்லை கலான் என்கிறார்கள். குளிர் உச்சத்தில் இருக்கும் அந்தக் காலத்தில் விழும் பனியே பிப்ரவரி முழுவதும் தளத்தில் நிற்கிறது. பொங்கல் விடுமுறையோடு நான்கைந்து நாட்களைச் சேர்த்துக்கொள்ள முடிபவர்கள் ஜனவரி மூன்றாம் வாரத்தைப் பிடித்துவிடலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாசி மாதப் பயணம் நடக்காது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்தியாவுக்குள் எங்கே போகலாம்

முதல் பெயர் குல்மார்க். அங்குள்ள கோண்டோலா என்னும் கேபிள் காரின் முதல் கட்டம் ஏறத்தாழ 3,080 மீட்டர் உயரமுள்ள கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் 3,900 மீட்டரைத் தாண்டி அஃபர்வட் மலைக்கும் செல்கிறது. உலகெங்கிலுமிருந்து நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் வருவது அந்த இரண்டாம் கட்டத்துக்காக. புதியவர் அங்கே ஸ்கீயோடு போகக்கூடாது. மேலே உள்ள சரிவுகள் பெரும்பாலும் இயந்திரத்தால் சமன் செய்யப்படாதவை, பனிச்சரிவு அபாயம் உள்ளவை; 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும் 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அந்தப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார்கள். புதியவருக்கு வேண்டியது கீழே, கோல்ஃப் மைதானத்தைச் சுற்றியுள்ள மிதமான சரிவுகள். அங்கே கற்பதற்குக் கோண்டோலா டிக்கெட்டே தேவையில்லை. வேடிக்கை பார்க்க ஒரு முறை மேலே போய் வரலாம். அதற்கான டிக்கெட் இணையத்தில் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடுவதால் பயண நாள் முடிவானதும் எடுத்துவிடுவது நல்லது. உச்சியைப் பயன்படுத்தாத கற்பவருக்குக் குல்மார்க் உண்மையில் நடுத்தரச் செலவுத் தலமே. அதன் செலவை ஏற்றுவது சறுக்குதளம் இல்லை, அறை வாடகைதான்.

குல்மார்க்கில் விடுதிகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். 13 கிலோமீட்டர் கீழே உள்ள டங்மார்கில் தங்கினால் வாடகை கணிசமாகக் குறையும் என்று பலரும் ஆலோசனை சொல்வார்கள். இங்கேதான் மணிக்கணக்கு உதவுகிறது. பனி பெய்த நாட்களில் டயருக்குச் சங்கிலி கட்டிய வண்டியில்தான் மேலே ஏற முடியும். அந்த வாடகையை நாள்தோறும் கொடுக்க வேண்டும், போக்குவரத்து நெரிசலில் காலை நேரமும் போய்விடும். நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டியைப் பகிர்ந்துகொண்டால் டங்மார்க் லாபம். ஒருவர் இருவராகப் போனால் குல்மார்க்கிலேயே எளிய அறை ஒன்றை எடுப்பதுதான் பெரும்பாலும் கணக்குக்குச் சரியாக வரும்.

குல்மார்க்குக்குப் போகும் வழியில் சில நடைமுறைச் செய்திகளும் உண்டு. கோவையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர் செல்லும் விமானங்கள் ஜனவரியில் டெல்லி மூடுபனியால் தாமதமாவது வாடிக்கை. மும்பை வழியாகப் போவது சற்றுச் செலவானாலும் ஒரு நாளைக் காப்பாற்றித் தரக்கூடும். ரயிலை விரும்புபவர்களுக்கு இப்போது ஒரு புதிய வழி இருக்கிறது: கன்னியாகுமரியிலிருந்து கட்ரா செல்லும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை கோவை, ஈரோடு, சேலம் வழியாகப் போகிறது, கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. போக மூன்று நாள், வர மூன்று நாள் என்பதால் விடுப்பு நிறைய உள்ள கல்லூரி மாணவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் மட்டுமே இது பொருந்தும். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு சிம் வேலை செய்யும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டதையும், மே மாதத்தில் ஸ்ரீநகர் விமான நிலையம் சில நாட்கள் இயங்காததையும் நினைவில் வைத்து, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே முன்பதிவு செய்ய வேண்டும்.

குறைந்த பட்ஜெட்டில் உண்மையாகவே கற்க விரும்புபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எந்த மலையையும் அன்று, பயிற்சி வகுப்பைத்தான். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம், மணாலியில் இமாச்சல அரசின் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம், உத்தராகண்டின் ஆலியில் அந்த மாநில அரசின் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் ஆகியவை குளிர்காலத்தில் ஏழு நாள் முதல் இரண்டு வாரம் வரையிலான வகுப்புகளை நடத்துகின்றன. பொதுவாகத் தங்குமிடம், உணவு, கருவி, பயிற்றுநர் எல்லாம் கட்டணத்திலேயே அடங்கிவிடும் என்பதால் தனியாக ஒவ்வொன்றுக்கும் கொடுப்பதைவிட மிகக் குறைவாக முடிகிறது. இதற்கு விலையாகச் சில வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டும்: பலரோடு பகிரும் அறை, காலையில் கட்டாய உடற்பயிற்சி, வயது வரம்பு, மருத்துவச் சான்றிதழ், நிறுவனம் குறிக்கும் தேதிகள். குடும்பத்தோடு போய் அழகு பார்க்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது. இருபது வயதுப் பிள்ளை ஒருவனோ ஒருத்தியோ கற்க ஆசைப்பட்டால், வேறு எங்கும் பணம் கட்டுவதற்கு முன் இந்த நிறுவனங்களின் இணையதளங்களில் அந்த ஆண்டின் வகுப்புத் தேதிகளைப் பாருங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

ஆலி, உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் 2,500 மீட்டருக்கும் 3,050 மீட்டருக்கும் இடையே அமைந்தது. நந்தாதேவியை எதிரே வைத்துக்கொண்டு சறுக்கும் நீண்ட, மிதமான சரிவுகள்; கற்பவருக்கு இந்தியாவிலேயே மிகப் பொருத்தமான தரை இதுதான் என்று சொல்லத் தோன்றும். சிக்கல் இரண்டு. முதலாவது, பனி உறுதியில்லை. செயற்கைப் பனி இயந்திரங்கள் இருந்தும் பனி போதாமல் போட்டிகள் ரத்தான ஆண்டுகள் உண்டு. இரண்டாவது, ஜோஷிமட்டிலிருந்து மேலே சென்ற ரோப்வே, அந்த ஊரில் நிலம் புதையத் தொடங்கிய 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது; அதன் பின் சாலை வழிதான். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டுக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், ஒரு முழுப் பகல். கோவையிலிருந்து போகவும் வரவும் நான்கு நாட்கள் பயணத்திலேயே கழியும் என்பதால், மொத்தம் எட்டு நாளாவது இல்லாதவர் ஆலியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஜோஷிமட்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்பதால், வைணவக் குடும்பங்களில் பெரியவர்கள் இந்தப் பயணத்துக்கு எளிதில் இசைவார்கள் என்பது ஒரு சிறு அனுகூலம்.

மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பேருந்து வசதியும் மலிவான விடுதிகளும் நிறைய; ஆனால் பனிக்காலத்தில் சுற்றுலாக் கூட்டம், குதிரை, பனி ஸ்கூட்டர், டியூப் சறுக்கு எல்லாம் ஒரே சரிவில் மோதிக்கொள்ளும். வகுப்பில் சேராமல் தனியாகப் போவதானால் வார நாட்களில், காலை ஒன்பதரைக்கு முன் தளத்தில் நிற்பது போல் திட்டமிட வேண்டும். சாலையோரக் கடைகளில் வாடகைக்குத் தரும் கோட்டும் ரப்பர் பூட்ஸும் பனியில் நடப்பதற்கானவை, பனிச்சறுக்குக்கானவை இல்லை. சிம்லாவுக்கு மேலுள்ள நார்கண்டாவில் சிறிய தளம் ஒன்று இருக்கிறது. நல்ல பனி விழுந்த ஆண்டில், சிம்லா போகிறவர் ஓரிரு நாள் முயன்று பார்க்கலாம். அதற்காகவே இங்கிருந்து கிளம்புவது சரியாகாது.

ஒரு லட்சத்தைத் தாண்டினால்

தலைக்கு ஒரு லட்சம், ஒன்றேகால் லட்சம் என்று செலவிட முடிந்து, விடுப்பு மட்டும் ஒரு வாரமே உள்ளவர்களுக்கு மத்திய ஆசியா நல்ல வழி. கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்துக்கு டெல்லியிலிருந்து நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2022 முதல் 14 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் ஷிம்புலாக் சறுக்குதளம், 2,260 மீட்டரிலிருந்து 3,200 மீட்டர் வரை. செலவைக் குறைப்பது இதன் அமைப்புதான்: மலையில் தங்க வேண்டிய அவசியமே இல்லை. நகரத்தில் சாதாரண அறை எடுத்துக்கொண்டு, காலையில் நகரப் பேருந்தில் மெடேவுக்குப் போய், அங்கிருந்து கோண்டோலாவில் தளத்தை அடையலாம். தளம் சமன் செய்யப்பட்டது, பயிற்சிச் சரிவு தனியாக உண்டு, பனி டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நிற்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம் சறுக்க முடியும் என்பதால், விமானக் கட்டணத்தைச் சேர்த்த பிறகும் மணிக்கணக்கில் இது பல உள்நாட்டுப் பேக்கேஜ்களை வென்றுவிடுகிறது. சைவ உணவு உண்பவர்கள் மட்டும் இங்கிருந்தே கொஞ்சம் பொடி, ஊறுகாய், உடனடி உப்புமா எடுத்துப்போவது நல்லது. இறைச்சி இல்லாத சாப்பாடு அங்கே எளிதில் அமையாது.

உஸ்பெகிஸ்தானில் தாஷ்கெண்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் 2019இல் திறக்கப்பட்ட அமிர்சோய் தளமும் இதே வகையைச் சேர்ந்தது. இ-விசா எடுக்க வேண்டும், தளம் சிறியது, நவீனமானது. ஜார்ஜியாவின் குடவுரி, திபிலிசியிலிருந்து 120 கிலோமீட்டர்; பரப்பில் இவற்றைவிடப் பெரியது, ஆனால் மரமில்லாத திறந்த மலை என்பதால் பலத்த காற்றடிக்கும் நாட்களில் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். ஓரளவு சறுக்கக் கற்றுக்கொண்ட பிறகு, இரண்டாம் பயணமாகக் குடவுரியை வைத்துக்கொள்வது பொருத்தம்.

ஒரு வாரம்கூட இல்லை, பனியில் கால் வைக்கும் பயத்தையாவது போக்கிக்கொள்ள வேண்டும் என்பவருக்குத் துபாய் ஒரு வழி. 2005இல் மால் ஆஃப் தி எமிரேட்ஸில் திறக்கப்பட்ட ஸ்கீ துபாய் உள்ளரங்கத் தளத்தில் உடையும் கருவியும் கட்டணத்தோடு சேர்ந்தே கிடைக்கும். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. அமீரகத்தில் உறவினர் வீடு உள்ளவர்கள், பெரிய பயணத்துக்கு முன் இங்கே இரண்டு வகுப்பு எடுத்துக்கொண்டால், ஸ்கீயை மாட்டுவது, விழுந்து எழுவது, வேகத்தைக் குறைக்க முன்முனைகளைச் சேர்த்துப் பிடிப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு, மலையில் முதல் நாளை மிச்சப்படுத்தலாம். மால்களில் உள்ள பனி அறைகளும் பனி விளையாட்டுப் பூங்காக்களும் இதற்கு ஈடாகா.

வேலையாக வெளிநாடு போகிறவர்கள்

கொங்கு நாட்டில் பலருக்கு இருக்கும் ஒரு வாய்ப்பைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கரூரின் வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளர்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் பிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிறார்கள். அது பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே வரும். விமானச் செலவு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா, பயணக் காப்பீடு ஆகிய மூன்றும் தொழில் கணக்கில் ஏற்கெனவே முடிந்துவிட்ட நிலையில், ஐரோப்பாவில் கூடுதலாக நான்கு நாள் சறுக்குவதற்கு ஆகும் செலவு, இங்கிருந்து புதிதாகக் குல்மார்க் போய் வரும் செலவுக்கு அருகில்தான் வந்து நிற்கும். புத்தாண்டுக் கூட்டம் கலைந்து, பிப்ரவரிப் பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன் உள்ள ஜனவரி நடுப்பகுதியில்தான் ஆல்ப்ஸ் தலங்களில் அறை விலை இறங்குகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கார்மிஷ் பார்டன்கிர்ஷன் என்ற ஊரை அடையலாம். 1936இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், ஜெர்மனியின் உயரமான சிகரமான 2,962 மீட்டர் சுக்ஸ்பிட்சே அதன் தலைக்கு மேல் நிற்கிறது. ஒரே கவனம்: தொழில் பயணக் காப்பீடு பனிச்சறுக்கு விபத்தை ஏற்குமா என்று பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவுக்காகவே தனியாகப் போவதானால், விசாக் கட்டணம் மட்டும் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு கட்டாயம். சுவிட்சர்லாந்தின் பெரிய தலங்களைப் புதியவர் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பல்கேரியாவின் பான்ஸ்கோ ஐரோப்பாவில் மலிவான தலங்களில் ஒன்று. 2025 ஜனவரி முதல் பல்கேரியா ஷெங்கன் பகுதிக்குள் முழுமையாகச் சேர்ந்துவிட்டதால் அதே விசா போதும்.

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்களும் அங்கே படிக்கும் இளைஞர்களும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கொலராடோ மாநிலத்தின் வெய்ல் (Vail) போன்ற பெரிய தலங்களில் அன்றன்று கவுன்ட்டரில் வாங்கும் ஒரு நாள் டிக்கெட் உச்சக் காலத்தில் 300 டாலரைத் தாண்டுகிறது. பல தலங்களுக்குச் செல்லும் எபிக், ஐகான் போன்ற பாஸ்களைப் பனிக்காலம் தொடங்குமுன் வாங்கியவர்களுக்கு அதே நாள் அதில் சிறு பங்கு விலையில் முடிகிறது. கற்பவர் இரண்டையும் விட்டுவிட்டு, நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய மலையைத் தேடலாம். சியாட்டிலில் இருப்பவருக்கு ஸ்னோகுவால்மி ஒரு மணி நேரப் பயணம்.

கருவியும் உடையும் உடலும்

எந்தத் தலமானாலும் கருவியை வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது ஸ்கீயைவிடப் பூட்ஸில் கவனம் வேண்டும். கால்விரல் முன்னே லேசாகத் தொட்டு, முழங்காலை மடக்கியதும் சற்றுப் பின்வாங்கி, குதிகால் மேலே எழும்பாமல் இருப்பதே சரியான அளவு. பெரிய அளவு வசதியாகத் தோன்றினாலும் ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது, இரண்டாம் நாளே கணுக்கால் வலி வந்துவிடும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் வாடகையில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்; ஹெல்மெட் தராத கடையைத் தவிர்த்துவிடலாம்.

உடை விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் இயல்பான தேர்வு பருத்திப் பனியன். அது வியர்வையை உறிஞ்சி உடம்போடு ஈரமாக ஒட்டிக்கொண்டு, நின்றவுடன் குளிரை ஏற்றும். உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளித் தெர்மல், நடுவே ஃப்ளீஸ், வெளியே நீர் புகாத கோட்டும் கால்சட்டையும் என்பதே முறை. தெர்மலும் ஃப்ளீஸும் திருப்பூரிலேயே, காதர்பேட்டைக் கடைகளில் விசாரித்தால் மணாலியில் கேட்கும் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். வெளிக் கோட்டையும் கால்சட்டையையும் அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜீன்ஸ் வேண்டாம். கையுறைக்கு மட்டும் சிக்கனம் பார்க்காமல் நீர் புகாத நல்ல ஜோடி ஒன்றை வாங்குங்கள்.

செலவே இல்லாமல் மணிக்கணக்கைக் குறைக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. முதல் நாளிலேயே தொடை வலித்து இரண்டாம் நாள் அறையில் படுத்துவிடுபவர், அந்த நாளுக்குக் கொடுத்த பணம் முழுவதையும் இழக்கிறார். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து வாரத்தில் சில நாள் மருதமலை, சென்னிமலை, பழனி என எது அருகில் இருக்கிறதோ அந்தப் படிகளில் ஏறி, நடந்தே இறங்குங்கள். பனிச்சறுக்கில் தொடைத் தசை உழைப்பது ஏறுவதைப் போல அன்று, இறங்குவதைப் போல. வின்ச்சிலோ பேருந்திலோ இறங்கிவிட்டால் இந்தப் பயிற்சியின் பயன் பாதியாகிவிடும்.

எந்த வரிசையில் முன்பதிவு செய்வது

பலரும் முதலில் விமான டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பிறகு மற்றதைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பயிற்சி வகுப்பிலோ பயிற்றுநரிடமோ இடம் உறுதியாக வேண்டும். அடுத்து அறை, அதன் பிறகு பயணம். தனியார் பயிற்றுநரோடு பேசும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: கட்டணம் மணிக்கா நாளுக்கா, ஒருவருக்கா குழுவுக்கா, கருவி வாடகை அதில் சேருமா, பனியோ லிஃப்டோ இல்லாமல் போனால் முன்பணம் திரும்புமா. இரண்டு மூன்று பேர் ஒரே நிலையில் இருந்தால் சேர்ந்து ஒரு பயிற்றுநரை வைத்துக்கொள்வது தனி வகுப்பைவிட மலிவு, கற்பதிலும் பெரிய குறை வராது. பெரிய தலங்களில், கீழ் லிஃப்டுகளுக்கு மட்டும் செல்லும் கற்பவர் பாஸ் ஒன்று குறைந்த விலையில் இருக்கும்; கேட்டால்தான் தருவார்கள்.

குடும்பமாகப் போகும்போது எல்லோருக்கும் எல்லா நாளும் கருவி எடுப்பது தேவையற்றது. கற்க விரும்புபவர்களுக்கு முழு நாட்கள், மற்றவர்களுக்கு ஒரு நாள் என்று பிரித்தால் மொத்தச் செலவு கணிசமாகக் குறைகிறது. சறுக்காதவர்கள் நாளைக் கழிக்க குல்மார்க்கிலும் அல்மாட்டியிலும் வழி உண்டு. ஆலியில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அதிகம் இல்லை. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ள பெரியவர்களை 3,000 மீட்டருக்கு மேல் அழைத்துப்போகும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் விற்கும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு சாகச விளையாட்டு என்ற பெயரில் விலக்கப்பட்டிருக்கும்; கூடுதல் தொகை கட்டிச் சேர்க்க முடியுமா, குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே நடந்த விபத்தை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும், சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் நாள்தோறும் பாருங்கள். மலையிலிருந்து இறங்கத் திட்டமிட்ட நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே ஒரு நாள் வெறுமையாக விட்டுவைப்பது, சாலை மூடிவிட்டால் கடைசி நேரத்தில் புதிய டிக்கெட் வாங்கும் செலவைத் தவிர்க்கும். சாலை திறந்திருந்தால் அந்த நாளில் இன்னும் நான்கு மணி நேரம் சறுக்கலாம்.